வீட்டுக் கோழியின் சிறு பிணிகள்

மனிதனுக்குத் தலைவலி வந்தால் அயலெல்லாம் அறியச் சொல்லிவிடுவான். கோழி சொல்லாது, மறைக்கவும் செய்யும். தளர்ந்த பறவையையே பருந்தும் பூனையும் முதலில் நாடும்; உடன் வாழும் கோழிகளும் அதனைக் கொத்தித் துரத்தும். ஆதலால் இயன்றவரை நலமுள்ளதுபோலவே அது நடமாடும். நாம் அறியும் வேளையில் பிணி பாதி வழி கடந்திருக்கும். கோழி வைத்தியத்தின் முதற் பாடம் மருந்தன்று, பார்வை.

பண்டத்தரிப்பில் எங்கள் வளவிலே ஐந்து பேடுகளும் ஒரு சேவலும் உலவுகின்றன. மரக்கறி உண்ணும் குடும்பத்துக்குக் கோழி எதற்கு என்று நண்பர் சிலர் நகைப்பர். சேவற்கொடியோனை வழிபடும் வீட்டில் சேவலுக்கு இடமில்லையா என்று நானும் நகைத்து விடையளிப்பேன். முட்டைகள் அயல் வீட்டுக் குழந்தைகளுக்குப் போகின்றன. கோழிகள் என் மகளுக்குத் தோழிகள். கறிச்சட்டிக்குப் போகாத கோழி முதுமை வரை வாழும்; வாழும் உயிருக்கு வரும் உபாதைகள் அதற்கும் வரும்.

காலையில் கூடு திறக்கும்போது ஐந்து நிமிடம் நின்று பார்த்தாற் போதும். கொண்டை சிவந்திருக்கிறதா, கண் தெளிந்திருக்கிறதா, தீனிக்கு முந்துகிறதா, எச்சம் எப்படி இருக்கிறது என்று நோக்க வேண்டும். கழுத்தடியில் உள்ள தீனிப்பை இரவில் நிறைந்து காலையில் வெறுமையாவது இயல்பு. விடிந்த பின்னும் அது கல்லாக இருந்தால் உண்டது இறங்கவில்லை என்பது பொருள். நோயல்லாதவற்றை அறிவதும் அறிவே. ஆண்டுக்கொரு முறை இறகு உதிர்ப்பதும், அடைக்கு இருக்கும் பேடு உணவை மறந்து சிலிர்த்துக்கொண்டிருப்பதும் பிணிகள் அல்ல.

சிறு பிணிகளுள் பெரும்பாலானவை பேனாலும் உண்ணியாலும் வருவன. சிறகின் அடியையும் எச்சத் துவாரத்தைச் சூழ்ந்த இறகையும் விலக்கிப் பார்த்தால் பேன் தெரியும். ஆனால் செவ்வுண்ணி பகலிற் கூட்டின் இடுக்குகளில் ஒளிந்து, இரவில் வந்து குருதி குடிக்கும். ஆகவே கோழிக்கு மட்டுமன்றிக் கூட்டுக்கும் வைத்தியம் வேண்டும். இடுக்குகளைச் சுரண்டிச் சுண்ணாம்பு பூச வேண்டும். நிழலில் உலர்ந்த மண்ணோடு அடுப்புச் சாம்பலைக் கலந்து குவித்துவிட்டால், கோழி தானே புரண்டு குளிக்கும். கால் செதில்கள் தடித்து எழும்புவதும் நுண்ணிய உண்ணியின் வேலையே. மண்ணெண்ணெய் பூசுவார் உளர். அது தோலைச் சுட்டுவிடும். இளஞ்சூட்டுச் சவர்க்கார நீரில் காலை ஊறவைத்து, மெல்லத் தேய்த்துத் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவிச் சில வாரம் பொறுத்திருப்பதே நன்று. முட்டையோடு மெலிந்தால் சுண்ணாம்புச் சத்துப் போதவில்லை என்று கொள்ளலாம். மாதகற் கரையிலே கிடைக்கும் சிப்பியைக் கழுவி இடித்துத் தனிக் கலத்தில் வைத்தால், வேண்டிய அளவு அவையே உண்ணும்.

சென்ற மாரியில் மகளின் ‘செம்பி’க்குக் கொண்டையிலும் கண்ணோரத்திலும் கறுத்த பொருக்குகள் தோன்றின. “தம்பி, இது தப்பாது, ஆருக்கும் குடுத்துவிடுங்கோ” என்றார் அயல் வீட்டு ஆச்சி. கொடுத்தால் அது எங்கே போகும் என்பதை மகள் அறிவாள். கோழியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வந்தது கோழியம்மை. மழைக்காலத்தில் நுளம்பும் அதனைப் பரப்பும். அந்த வைரசைக் கொல்லும் மருந்து இல்லை. முன்கூட்டியே தடுப்பூசி இடலாம். செம்பியைத் தனியே கூடையில் வைத்தோம். நுளம்பு புகாமல் வலையிட்டோம். பொருக்கைப் பிய்க்காமல், கொதித்தாறிய உப்புநீரால் கண்ணை மட்டும் துடைத்தாள் மகள். நான்காம் வாரத்தில் பொருக்குகள் தாமே உதிர்ந்தன. வாயினுள் வெண்படலம் படர்ந்து மூச்சுத் திணறியிருந்தால் கதை வேறாகியிருக்கும்.

கோழியைக் கூர்ந்து பார்த்ததால் மனிதகுலமே பயன்பெற்றதும் உண்டு. 1890 அளவில் யாவாத் தீவில், ஒல்லாந்த மருத்துவர் ஐக்மனின் ஆய்வுக் கோழிகள் கால் தளர்ந்து தள்ளாடின. சில மாதத்தில் அவை தாமே தேறின. காரணத்தைத் தேடிய அவர், மருத்துவமனையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றை அவை இடையில் உண்டு வந்ததையும், புதிதாக வந்த சமையற்காரர் அதனை மறுத்துவிட்டதையும் கண்டார். தவிட்டிலே உள்ள ஏதோ ஒன்று உயிர் காக்கிறது என்ற அறிவு அங்கிருந்து வளர்ந்தது. பெரிபெரி நோயின் மருமம் விளங்கியது. 1929 இல் நோபல் பரிசும் அவரை அடைந்தது. எஞ்சிய வெள்ளைச் சோற்றை மட்டும் கோழிக்கு வீசும் வீட்டார் இதனை நினைவிற் கொள்ளுக. ஒரு பிடி தவிடும் கலந்து வைக்க.

எது சிறியது, எது பெரியது என்று பிரித்தறிவதே இக்கலையின் சாரம். ஒன்றன்பின் ஒன்றாகக் கோழிகள் சோர்ந்து, வெண்மையாகவோ பச்சையாகவோ கழிந்து, மூச்சிரைத்து, கழுத்து முறுக்கினால் அது ராணிக்கெட் நோயாக இருக்கலாம். இமயச் சாரலிலுள்ள ஊரொன்றின் பெயரைத் தாங்கிய அந்நோய் ஊர்க் கோழிகளையெல்லாம் வாரிச் சென்றுவிடும். அங்கே கைவைத்தியம் செல்லாது. அன்றே அரச கால்நடை வைத்தியரை நாடுக. வீட்டிலே மிஞ்சிய மனித மாத்திரைகளைக் கரைத்து ஊற்றுவதும் தகாது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தின் எச்சம் முட்டை வழியே குழந்தையின் வயிற்றை அடையலாம். கிருமிகளும் அம்மருந்துக்கு அஞ்சாமற் பழகிவிடும். கோழியைத் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவதையும் பிள்ளைகளுக்குப் பழக்குக.

தூய நீர், உலர்ந்த கூடு, நோயுற்றதற்குத் தனியிடம், நாள்தோறும் ஐந்து நிமிடப் பார்வை: இவற்றுக்குப் பெரும் பொருள் தேவையில்லை. பேச இயலாத ஓர் உயிரின் துன்பத்தை அது சொல்லாமலே அறியப் பழகிய பிள்ளை, நாளை மனிதரிடத்தும் அவ்வாறே பழகும்.