அப்பாவின் காது

செம்பனை ஆலையின் எஞ்சின் அறையில் முப்பது வருடம் உழைத்தவர் என் அப்பா. வீட்டில் அவரிடம் கத்தித்தான் பேசவேண்டும். "செவிட்டுக் கிழவர்" என்று லயத்தில் சிரிப்பார்கள். வயதுக் கோளாறு என்றே நானும் நினைத்தேன்.

இன்று என் மகன் ஆலைகளில் சத்தம் அளக்கும் கருவி பொருத்துகிறான்.

"தகரக் கூரையில் மழை கொட்டுமே, கருவி ஏமாறாதா?" என்றேன்.

"ஏராளமான ஒலிப்பதிவுகளைக் கொடுத்து, எது மழை, எது இயந்திரம் என்று கணினியைப் பழக்குகிறோம் அம்மா. புதுச் சத்தம் வந்தால் தடுமாறும், நாங்கள் கேட்டுத் திருத்துவோம்" என்றான்.

3 டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகுமாம். மலேசியாவின் 2019 விதிப்படி, எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல்தான் எல்லை.

அப்பாவின் சத்தத்தை யாரும் அளக்கவில்லை. சகோதரிகளே, உங்கள் வீட்டுக்காரர் "என்ன, என்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்டால் சிரிக்காதீர்கள். காதைச் சோதிக்க அழைத்துப் போங்கள்.