எட்டாயிரம் ரூபாய்ச் செயலி

ஏழு மாதங்களாக நின்றுபோயிருந்த ஆய்வு உதவித்தொகை 2024 ஆகஸ்டில் ஒரே நாளில் மொத்தமாக வந்து சேர்ந்தது. நெட் தேர்வு வழியாக நல்கை பெறாத என் போன்றவர்களுக்கு மாதம் 8,000 ரூபாய், ஆக 56,000. அன்று மாலையே 16,000 ரூபாயை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். மீதியில் ஒரு கணினி வாங்கப் போவதாக அம்மாவிடம் சொன்னேன். "படிப்புக்குத்தானே? வாங்கிக்கோ" என்றார். "ஆமாம்மா, ஆய்வுக்குத்தான்" என்றேன். அது பொய்.

என் ஆய்வு ஒலியியல் சார்ந்தது. அதற்கு வேண்டிய பிராட் மென்பொருள் எட்டு ஆண்டுப் பழைய மடிக்கணினியிலும் தடையின்றி இயங்குகிறது. உண்மைக் காரணம் வேறு. மூன்றாம் ஆண்டு முடியும் தறுவாயில் ஓர் இயல்கூட எழுதி முடிக்காமல் நான் திணறிக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறையிலிருந்த ஒடிய நண்பர் இரவு உணவுக்குப் பின் தம் கணினியை ஒரு மணி நேரம் எனக்கு விட்டுக்கொடுப்பார். அதில் 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' ஆடுவேன். ஆடுவேன் என்பதுகூட மிகை. யாரையும் சுடாமல் குதிரையில் பனிமலைகளைக் கடந்து போய்க்கொண்டிருப்பேன், அவ்வளவுதான். எப்போது சமர்ப்பிக்கிறாய் என்று யாரும் கேட்காத ஒரு மணி நேரம் அது. ஜூலையில் அவர் சமர்ப்பித்துவிட்டு ஊர் திரும்பினார். கணினியை எடுத்துச் சென்றார். பழைய திரையை மட்டும் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

எனவே கையில் 40,000 ரூபாயும் ஒரு திரையும். முதலில் செயலியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். மொழியியல் படித்தவர் ஒருவர் செயலிகளின் பெயர்ப்பட்டியலைப் பார்த்தால் என்ன செய்வார்? உருபன்களாகப் பிரிப்பார். நானும் பிரித்தேன், ஏமாந்தேன்.

ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600, ரைசன் 5 5600ஜி இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். 5600 பகுதி, ஜி விகுதி, உள்ளேயே வரைகலைத் திறன் உண்டென்பது அவ்விகுதியின் பொருள் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் விகுதி சேரும்போது பகுதியே மாறிவிடுகிறது. 5600இல் 32 எம்பி அளவுள்ள மூன்றாம் நிலை கேச் நினைவகம், 5600ஜியில் அதில் பாதியே இருக்கிறது. இரண்டும் வேறு வேறு சில்லுகள். 5600ஜியின் உண்மையான உடன்பிறப்பு 5500; அதே சில்லில் வரைகலைப் பகுதியை மட்டும் முடக்கி வெளியிட்டது அது. ஒலியொப்புமையை மட்டும் கண்டு இனச்சொல் என்று முடிவு கட்டாதீர்கள் என முதுகலை மாணவர்களுக்கு நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன்!

இன்டெலின் வழக்கு இதற்கு நேர் எதிர். ஐ3-12100எஃப் என்பதிலுள்ள எஃப், ஓர் இல்லாமையின் குறி: உள் வரைகலை இல்லை. ரைசன் 5000 வரிசையிலோ எழுத்து எதுவும் ஒட்டாமல் இருப்பதே இல்லாமையைச் சொல்லும். 'செய்யேன்' என்ற வினையில் கால இடைநிலை இல்லாமையே எதிர்மறையை உணர்த்துகிறதே, ஏறக்குறைய அதுபோல. பிறகு வந்த ரைசன் 7000 வரிசையில் இவ்விதியும் புரண்டது. அங்கே எழுத்தில்லாதவற்றில் சிறிய வரைகலைப் பகுதி உண்டு. 7500எஃப் போன்றவற்றில் இல்லை. இவ்விலக்கணம் தெரியாமல், தனி கிராபிக்ஸ் கார்டும் இல்லாமல் வாங்குபவர் இருண்ட திரையின் முன்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பெயர்ச் சிக்கல் தீர்ந்த பின் போட்டி 5600க்கும் 12100எஃப்க்கும் இடையில் வந்து நின்றது. முன்னதில் ஆறு கோர்கள், 11,500 ரூபாய்; பின்னதில் நான்கு, 8,000 ரூபாய். மதர்போர்டு, 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கேபினெட், பழைய ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு எல்லாம் சேர்த்தால் 28,500. 5600 எடுத்தால் கணக்கு மிகச்சரியாக 40,000இல் முடிந்தது. பைசா மீதமில்லை.

அந்த ஆறு கோர்களை நியாயப்படுத்த நான் ஆய்வைத்தான் துணைக்கு அழைத்தேன். ஒலிப்பதிவையும் எழுத்துப் பெயர்ப்பையும் ஒலியன் ஒலியனாகப் பொருத்தும் மென்பொருள் வேலையைப் பல கோர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும். கோர்கள் கூடினால் விரைவில் முடியும். உண்மைதான். ஆனால் அந்த வேலையை நான் இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகிறவன். அது மூன்று மணிக்கு முடிந்தாலென்ன, ஐந்து மணிக்கு முடிந்தாலென்ன? அம்மாவிடம் சொன்ன அதே பொய்யை இப்போது என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தேன்.

விளையாட்டைப் பற்றி நேர்மையாக யோசித்த பிறகுதான் விடை கிடைத்தது. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் குதிரை எங்கே நிற்கிறது, யார் எதிரே வருகிறார் என்று கணக்கிட்டு, வரைய வேண்டியதைச் செயலி எடுத்துக்கொடுக்கிறது, கார்டு வரைகிறது. இருவரில் மெதுவானவருடைய வேகமே விளையாட்டின் வேகம். 'கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2' போன்றவற்றை 240 ஹெர்ட்ஸ் திரையில் போட்டிக்காக ஆடுபவருக்குச் செயலிதான் முதலில் மூச்சு வாங்கும். நண்பர் விட்டுச்சென்ற திரையோ 60 ஹெர்ட்ஸ். நொடிக்கு 60 ஃபிரேமுக்கு மேல் அது காட்டவே காட்டாது. பனிமலைகளை வரையும் சுமை பெரும்பாலும் கார்டின் தலையில். அந்தக் கார்டைப் பசியாற்ற நான்கு கோர்கள் போதும். நாளை பெரிய செயலி மாற்றிக்கொள்ளலாம் என்று இன்றே அதற்கு இடம் விட்டு வாங்கச் சொல்பவர்கள் உண்டு. 8,000 ரூபாய் உதவித்தொகையில் அப்படி மாற்றிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

தில்லி நேரு பிளேஸில் கடைக்காரர் முதலில் ஓர் ஐ5 பெட்டியைத்தான் நீட்டினார். என்ன வேலைக்கு என்று இந்தியில் கேட்டார். பிஎச்.டி. என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. "விளையாட" என்றேன். அவர் சற்றும் வியக்காமல் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு, அப்படியானால் கார்டை நன்றாகப் பார்த்து வாங்குங்கள் என்று சொல்லி, பழைய 1660 சூப்பரை இருபது நிமிடம் என் கண்முன்னே ஓட்டிக்காட்டினார்.

மீந்த 3,500 ரூபாய் விடுதி உணவகப் பாக்கிக்குப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை அம்மா தொலைபேசியில் அழைத்து, கணினி நன்றாக உழைக்கிறதா என்று கேட்டார். "விளையாடத்தாம்மா வாங்கினேன்" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"சாப்பாட்டுக்குக் காசு கட்டிட்டியா?"

"கட்டிட்டேம்மா."