இரண்டாவது மணி

விடுமுறைக்கு மஸ்கெலியாவுக்கு வந்தபோது, தீராத ஒரு பிழையையும் லேப்டொப்பில் சுமந்து வந்தேன்.

படிப்பின் செயற்றிட்டத்துக்காக ஒரு சிறிய எமியுலேட்டர் எழுதிக்கொண்டிருந்தேன். கைப்பேசிகளில் உள்ள ஆர்ம் புரோசசருக்கென ஆக்கப்பட்ட புரோகிராமைச் சாதாரண லேப்டொப்பில் ஓடவைப்பதே அதன் வேலை. 2003இல் ஃபப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய கியூஎமு இதையே பெரிய அளவில் செய்கிறது.

லினக்ஸில் ஓடும் புரோகிராமுக்கு வரும் அவசர அழைப்பைச் சிக்னல் என்பார்கள். புரோகிராம் விரும்பினால் சில சிக்னல்களைத் தடுத்து வைக்கலாம். அவை தொலைந்துவிடாது; தடை நீங்கும்வரை காத்திருக்கும். ஒரு சிக்னலைக் கவனிக்கும்போது, அதே சிக்னல் மீண்டும் குறுக்கிடாதபடி வழமையாகத் தடை விழும். கவனித்து முடிந்ததும், முன்பிருந்த தடைப்பட்டியலைத் திரும்ப வைக்க வேண்டும். எமியுலேட்டருக்குள் அந்தப் பொறுப்பு அதை எழுதுபவருடையது.

செக்கனுக்கு ஒரு மணி அடிக்கும் புரோகிராமை ஓட்டிப் பார்த்தேன். முதல் மணிக்குப் பதில் வந்தது. இரண்டாவது மணி அதற்குக் கேட்கவே இல்லை. தொந்தரவு வேண்டாமென்று காலையில் போனின் சத்தத்தை நிறுத்திவிட்டுத் தேடினேன். பகல் சாப்பாட்டுக்கு எழும்பியபோதும் அதைத் திரும்ப வைக்கவில்லை.

ஹட்டனுக்குப் போயிருந்த வாப்பா, உம்மாவின் இழுப்பு மருந்தின் பெயரைக் கேட்க ஐந்து தடவை அழைத்திருக்கிறார். நான் பார்த்தபோது அவர் வெறுங்கையோடு பஸ் ஏறிவிட்டார். அன்றிரவு உம்மா படுக்கவில்லை. சுவரில் சாய்ந்தபடி இருமினார். நான் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வாப்பா ஏசவில்லை. "சத்தத்தை நிப்பாட்டினது பிழையில்ல மகள். பொறகு முந்தி இருந்த மாதிரி வைக்கணும்" என்றார்.

முந்தி இருந்த மாதிரி. விடியுமுன் லேப்டொப்பைத் திறந்தேன். நான் புதிய தடையைப் போட்ட பிறகுதான் பட்டியலைச் சேமித்திருந்தேன். அதனால் திரும்பி வந்ததும் தடை விழுந்த பட்டியலே. இரண்டு வரிகளை இடம் மாற்றினேன். பத்து மணிக்கும் பத்துப் பதில் வந்தது.

மகிழ்ச்சிதான். ஆனால் உம்மா இருமிய இரவை எந்த வரியை மாற்றியும் திருத்த முடியாது. மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு, ஹட்டனுக்குப் போகும் முதல் பஸ்ஸில் நானே ஏறினேன். போனின் சத்தத்தை ஒரு தடவைக்கு இரு தடவை பார்த்துக்கொண்டேன்.