ஓடைக்கரை மரங்கள்

சேத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் அந்த விவசாயிக்கு இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு. மலையிலிருந்து இறங்கும் ஓடை தோப்பை ஒட்டிப் போகிறது. கரையோரம், அவருடைய பட்டா இடத்திலேயே, மருது, நாவல், புளி என்று பதினோரு மரங்கள். எல்லாம் அப்பா காலத்து மரங்கள்.

மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய நேரத்தில் மர வியாபாரி வந்தார். "மொத்தமா எடுத்துக்கிடுதேன் அண்ணாச்சி. அந்த இடத்துல இன்னொரு வரிசை தென்னை வைக்கலாம்லா" என்றார். யோசித்துச் சொல்வதாக அவரை அனுப்பிவிட்டு, ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க ராமேஸ்வரம் போனார் விவசாயி.

திரும்பும்போது பாம்பன் டீக்கடையில் வயதான மீனவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தார். "கடல்ல பவளப்பாறைய வெட்டி சுண்ணாம்புக்கு வித்தோம். கல்லு இருந்தாத்தானே மீனு தங்கும்? மீனும் போச்சு, தீவும் கரைஞ்சுச்சு" என்றார் அவர்.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரண்டும் இன்று தண்ணீருக்கு அடியில். அலையைத் தடுத்த பாறையை வெட்டி எடுத்ததே முக்கியக் காரணம். 1986-ல் இந்தத் தீவுப்பகுதி கடல்வாழ் தேசியப் பூங்கா ஆனது. 1989-ல் சுற்றியுள்ள 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமானது. ஆனால் கடலை நம்பிப் பிழைப்பவர்களைத் தடுத்து மட்டும் கடலைக் காக்க முடியவில்லை. தீவுகளுக்குப் போகத் தடை வந்ததில் பாசி எடுக்கும் பெண்களின் வருமானம் அடிபட்டது. 2000-ல் தமிழக அரசு, மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளையை அமைத்தது. அது கடலோர ஊர்களில் குழுக்களை உருவாக்கி, சிறுகடன் கொடுத்து, மாற்றுத் தொழிலுக்கும் வழி காட்டியது. 2001-ல் பவளம் எடுப்பது சட்டப்படி முழுவதும் தடை செய்யப்பட்டது. "கையில வேற வேல இருந்தாத்தான் தம்பி கல்லை விட மனசு வரும்" என்றார் மீனவர்.

ஊருக்கு வந்ததும் அவர் ஓடைக்கரைக்குப் போனார். புளியமரத்தில் நரை அணில் கட்டிய இலைக்கூடு தெரிந்தது. இந்த அணிலுக்காகத்தான் 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயம் வந்தது. 2021-ல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆனது. காப்பக எல்லை தோப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. கிளைக்குக் கிளை தாவிப் போகும் அணிலுக்கு அந்த எல்லை தெரியாது. கரையில் தொடர்ச்சியாக நிற்கும் மரங்கள்தான் அதற்குப் பாதை. நடுவில் பதினோரு மரம் போனால் பாதை அறுந்துவிடும்.

அன்று இரவு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் வளையல்களைக் கழற்றி வைத்தார். "நகைய திருப்பிக்கிடலாம். கரைய எப்படித் திருப்ப?"

நாலு ஆடுகளை விற்றார்கள். மீதிப் பணத்துக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் வாங்கினார்கள்.

ஐப்பசியில் ஓடை புரண்டு வந்தது. மேலே, முந்தைய வருடம் மரம் வெட்டிய ஒரு தோப்பில் கரை சரிந்து ஏழு தென்னைகளை இழுத்துக்கொண்டு போனது. இவர் தோப்பில் வேர் பிடித்திருந்த கரை அப்படியே நின்றது.

நகை இன்னும் சங்கத்தில்தான் இருக்கிறது. மர வியாபாரியும் இடையில் ஒருமுறை வந்து விசாரித்துவிட்டுப் போனார்.