சித்தம்பூண்டியில் நிலாக் கல்

சென்ற பள்ளி விடுமுறையில் நாமக்கல் மாவட்டம் போயிருந்தேன். பால்மரம் வெட்ட மலாயாவுக்குக் கப்பலேறிய என் தாத்தாவின் சீமை அது. சித்தம்பூண்டி பார்க்க வேண்டும் என்றதும் மாமா சிரித்தார். "அங்கே என்னங்க மாப்பிள்ளை இருக்குது? வெறுங்கல்லுதான்!"

வெறுங்கல்தான். வெளுத்த சாம்பல் நிறம். ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயது. பெயர் அனார்த்தோசைட். நிலவில் வெளிச்சமாகத் தெரியும் மேட்டு நிலங்களும் இந்த இனப் பாறையே.

எட்டாத நிலவின் கல்லை எப்படி அறிவது? ஒவ்வொரு கனிமமும் தன்மேல் படும் ஒளியில் ஒரு பங்கை விழுங்கிவிடும். இக்கல்லின் முக்கியக் கனிமமான பிளேஜியோகிளேஸ் விழுங்குவது 1.25 மைக்ரான் அருகே, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை. 2008இல் புறப்பட்ட சந்திரயான்-1, நிலவிலிருந்து வரும் ஒளியில் அதே குறைவைக் கண்டது. ஆனால், பூமிக் கல்லை முன்னதாக அளந்து வைத்திராவிட்டால் அந்த அடையாளத்தை யார் நம்புவது? சித்தம்பூண்டிக் கல்லையும் அப்படி அளந்தார்கள். இரண்டும் அச்சு அசல் அல்ல. இங்கே நீர் சேர்ந்த ஹார்ன்பிளெண்டும் கலந்திருக்கிறது. அதை ஒதுக்கித்தான் ஒப்பிட வேண்டும். இந்தப் பாறையை அரைத்தே இஸ்ரோ, தரையிறங்கு கலத்தைச் சோதிக்க நிலவு மண் செய்தது.

சொல்லி முடித்தேன். மாமா குனிந்து ஒரு சில்லை எடுத்தார். தோள் துண்டால் துடைத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.