கூழ் குடிக்க விசா!

ஓசூரில் வேலை பார்க்கிறவனுக்குச் சாப்பாட்டில் ஒரு சௌகரியம் உண்டு. காலையில் கன்னடத்தில் டிபன், மத்தியானம் தமிழில் மீல்ஸ், ராத்திரி தெலுங்கில் காரம் என்று மூன்று மாநிலத்தையும் ஒரே நாளில் முடித்துவிடலாம். பஸ் டிக்கெட் செலவில்லை.

இருந்தும் எங்கள் கோஷ்டிக்கு நாக்கு அரித்தது. காரணம், நைட் ஷிஃப்ட்.

ராத்திரி இரண்டு மணிக்கு, கான்டீனில் ஆறிப்போன எலுமிச்சை சாதத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு இரண்டு யோசனைகள்தான் வரும். ஒன்று, வேலையை விட்டுவிடலாமா? இரண்டு, எங்கேயாவது போய் வாய்க்கு ருசியாகச் சாப்பிடலாமா? முதல் யோசனைக்கு வீட்டு லோன் குறுக்கே நின்றது. எனவே இரண்டாவதைப் பிடித்துக்கொண்டோம்.

கோஷ்டி என்றால் நாலு பேர். மெயின்டனன்ஸ், குவாலிட்டி, டிஸ்பேட்ச், மாதக் கடைசி ஸ்டாக் கணக்குக்காக அங்கே மாட்டிக்கொண்ட அக்கவுன்ட்ஸ் - அதாவது அடியேன். எங்கள் ஃபாக்டரியில் பெயர் என்பது சம்பளச் சீட்டில் மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் டிபார்ட்மென்ட்தான் மனிதன்.

"கோவா?" என்றார் மெயின்டனன்ஸ்.

"கோவாவுக்குச் சாப்பிடத்தான் போறேன்னு சொன்னா எங்க வீட்ல நம்ப மாட்டாங்க" என்றார் குவாலிட்டி. எதையும் ரிஜெக்ட் பண்ணியே பழகினவர்.

அதுவரை பேசாமல் இருந்த டிஸ்பேட்ச், "இலங்கைக்குப் போங்க சார்" என்றார். "ஒடியல் கூழ் குடிச்சிருக்கீங்களா?"

குடித்ததில்லை. கூழ் என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஆடி மாசத்து மாரியம்மன் கோயில் கூழ்தான். அவர் விளக்கினார். பனங்கிழங்கைப் பச்சையாகப் பிளந்து வெயிலில் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை இடித்த மாவைக் கரைத்து, நண்டு, இறால், மீன், பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளி எல்லாம் போட்டு, புளியும் மிளகாயும் கூட்டிக் கொதிக்க வைக்க வேண்டும். பனை ஓலையை மடித்த பிளாவில் ஊற்றி, சூடு ஆறுவதற்குள் குடித்துவிட வேண்டும்.

எங்கள் எலுமிச்சை சாதம் வெட்கத்தில் இன்னும் கொஞ்சம் ஆறியது.

மறுநாளே கம்ப்யூட்டரில் ஷீட் போட்டுவிட்டேன். எதையும் பத்தி பிரித்துக் கூட்டிப் பார்த்தால்தான் அக்கவுன்ட்ஸ்காரனுக்கு நம்பிக்கை வரும். காலை, மத்தியானம், மாலை, ராத்திரி என்று நாலு பத்தி. பார்க்கவேண்டிய இடங்களுக்குப் பத்தியே கிடையாது.

முதல் நாள் கொழும்பு. மாலையில் காலிமுகத் திடலில் இஸ்ஸோ வடை. (இஸ்ஸோ என்றால் சிங்களத்தில் இறால். வடை மேல் முழு இறாலே உட்கார்ந்திருக்கும்.) ராத்திரி கொத்து ரொட்டி. மறுநாள் மத்தியானம் லம்பிரைஸ். டச்சுக்காரர்களின் வம்சாவளியினர் விட்டுவைத்த சமாசாரம், சோற்றையும் கறியையும் வாழையிலையில் கட்டி வேகவைப்பது. பிறகு யாழ்தேவி ரயில். 1990-ல் யுத்தத்தில் நின்றுபோய், 2014-ல்தான் மறுபடி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்த ரயில். அங்கே பிட்டு, இடியாப்பம் சொதி, சம்பல், கடைசியாகக் கூழ்.

வழியை முடிவு செய்வதில்தான் சண்டை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள். நாலு மணி நேரப் பயணம். ஆனால் மழைக்காலம் வந்தால் நிறுத்திவிடுவார்கள். பெங்களூரிலிருந்து விமானத்தில் போனால் கொழும்புக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி. ஆனால் ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி, சில்க் போர்டு எல்லாம் தாண்டி தேவனஹள்ளி ஏர்போர்ட் போய்ச் சேருவதற்குள் நாம் கொழும்புக்குப் போய் இறால் வடை தின்றுவிட்டே திரும்பலாம். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் என்றதும் மெயின்டனன்ஸ் அங்கேயே பணக்காரராகிவிட்டார். அங்கே விலையும் அதற்கேற்ப இருக்கும் என்று சொல்லி அவரை மறுபடி ஏழையாக்கினேன்.

"சரி, எல்லாரும் பாஸ்போர்ட் காப்பி குடுங்க" என்றேன்.

இரண்டு பேர் கொடுத்தார்கள். டிஸ்பேட்ச் சிரித்தார்.

"எனக்கு இல்லை சார்."

"அப்ளை பண்ணுங்க. தட்கல்ல போட்டா சீக்கிரம் வந்துடும்."

"எந்த நாட்டுக்கு சார் அப்ளை பண்றது?"

ஆறு வருஷமாகப் பக்கத்து மேஜை. அவர் கிருஷ்ணகிரி மாவட்டத்து அணைக்கட்டு ஒன்றின் ஓரம் இருக்கிற இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வருகிறவர் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். 2021-ல் 'அகதி முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று அரசாங்கம் மாற்றியது. போர்டு மாறியது. பாஸ்போர்ட் வரவில்லை.

அவருடைய அம்மா 1985-ல் நெடுந்தீவிலிருந்து படகேறி வந்தவர். அண்ணன் பிறந்தது 1986-ல், மண்டபம் முகாமில். இவர் 1988-ல். இரண்டு வருஷ வித்தியாசத்தில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? எல்லாமே அதில்தான் இருக்கிறது. 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தால், அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். இந்தச் சட்டத்தைக் காட்டித்தான், 1986-ல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்கு 2022-ல் மதுரை ஹைகோர்ட் பாஸ்போர்ட் வாங்கிக் கொடுத்தது. அவர் 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார்.

"அண்ணனும் வக்கீல் பார்த்துட்டிருக்கான். நான்தான் கொஞ்சம் லேட்டாப் பிறந்துட்டேன் சார். எங்க வீட்ல நான் வெளிநாட்டுக்காரன்" என்று மறுபடி சிரித்தார். "இலங்கைக்குப் போகலாம் சார். அனுமதி குடுப்பாங்க. ஆனா போனா போனதுதான். ரிட்டர்ன் டிக்கெட் கிடையாது."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஷீட்டை மூடிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் முகாமுக்குப் போனோம். அவர்தான் கூப்பிட்டார். மண்டபத்திலிருக்கும் சொந்தக்காரர் கொடுத்துவிட்ட ஒடியல் மாவு. நண்டு, பெங்களூர் மார்க்கெட்டிலிருந்து ஐஸில் வந்தது. கடல் இல்லாத ஊரில் கூழ் குடிப்பதென்றால் இவ்வளவு ஏற்பாடு. பிளாவுக்குப் பதில் எவர்சில்வர் டம்ளர்.

"சூடாக் குடியுங்கோ தம்பி, ஆறினால் ருசி போயிடும்" என்று ஊற்றிக்கொண்டே இருந்தார் அம்மா. முதல் வாயில் காரம், அடுத்து புளிப்பு, கடைசியில் ஒடியலின் லேசான கசப்பு. குவாலிட்டி நாலு டம்ளர் பாஸ் பண்ணினார்.

"நல்லாயிருக்கும்மா" என்றேன்.

"நண்டு சரியில்லை" என்றார் அம்மா. நாற்பது வருஷமாக இதையேதான் சொல்கிறாராம்.

பயணத்தை ரத்து செய்துவிட்டதாகச் சொன்னேன். அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "ஏன் தம்பி? நீங்கள் போகாட்டி அவனுக்குப் பாஸ்போட் வந்திடுமோ? போங்கோ. போனால் எனக்கு ஒரு விஷயம் பாத்துக்கொண்டு வரவேணும்."

தின்பண்டம் ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"எங்கட வளவில கிணத்தடியில ஏழு பனை நிண்டது. இப்ப எத்தனை நிக்குதெண்டு எண்ணிக்கொண்டு வாங்கோ."

ராத்திரி வீட்டுக்கு வந்து ஷீட்டைத் திறந்தேன். நெடுந்தீவு என்றால் யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் துறை வரை பஸ், அப்புறம் சுமார் ஒரு மணி நேரம் படகு. நாலாம் நாளில் இருந்த அப்பம், பிட்டு, ஐஸ்க்ரீம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரே வரி எழுதினேன்: 'நெடுந்தீவு - பனை எண்ணுவது.'

நண்டு டிஸ்பேட்ச் பொறுப்பு. திரும்பி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை முகாமில் ஆஜராக வேண்டும் என்பது அம்மா உத்தரவு.