அவரவர் அளவு

தி பொன்ஷ் செய்ய மூன்று சாமான் காணும்: வெள்ளை ரம், பச்சைத் தேசிக்காய், கரும்புச் சீனி. ஐஸ் இல்லை. சோடா இல்லை. இன்ஸ்டாகிராமில் வருகிற மாதிரி அன்னாசித் துண்டும் பேப்பர்க் குடையும் இல்லை. அது பீன்யா கொலாடா, 1978இல் புவேர்ட்டோ ரிக்கோ தன்னுடைய அதிகாரபூர்வப் பானமாக அறிவித்த வேறொரு சாமான். தி பொன்ஷ் மார்த்தினிக், குவாதலூப் என்ற இரண்டு கரீபியன் தீவுகளின் வீட்டுக் குடி. பிரெஞ்சில் 'பெத்தி' என்றால் சின்னன். அந்தத் தீவுகளின் கிரியோல் வாயில் அது 'தி' என்று சுருங்கிவிட்டது. சின்னக் கிளாஸ், இரண்டு மூன்று மிடறு, பிறகு சாப்பாடு. அவ்வளவுதான்.

எனக்கு இது பெரியம்மாவின் மகள் வழியாகத்தான் தெரியும். அக்கா பாரிஸில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் வேலை. கோப்பை கழுவுவதில் தொடங்கி இப்போது சலாட் மேசைக்கு ஏறியிருக்கிறா. பக்கத்து மேசையில் நிற்பவர் மார்த்தினிக் மனுசி. அவர்தான் அக்காவுக்கு இதைப் பழக்கினவர். போன மார்கழி லீவுக்கு அக்கா யாழ்ப்பாணம் வந்தபோது, சூட்கேசில் சொக்லேட்டுக்கும் அம்மாவுக்கு வாங்கின ஸ்வெட்டருக்கும் நடுவில் (இந்த வெயிலுக்கு ஸ்வெட்டர்!) துவாயில் சுற்றின ஒரு போத்தலும் வந்தது.

அதை நான் இங்கே ஒரு கடையில் போய் வாங்கும் கதை வேறு. பெண்களுக்கு மதுபானம் விற்பதைத் தடுக்கும் விதி 1979இல் வந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். ஒரு கிழமைகூட ஆகவில்லை, அந்த நீக்கத்தைத் திரும்பப் பெறச் சொல்லி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன உத்தரவு போட்டார். சட்டத்தை விடுங்கோ, எங்கட ஊர்த் தவறணைப் பக்கம் நான் சைக்கிளைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டினாலே வீட்டுக்குச் செய்தி வந்துவிடும். அம்மாவின் குசினிக்குள் உரிமையோடு நுழைகிற ஒரே வெறிச் சாமான் அப்பமாவுக்கு விடுகிற கள்ளுதான்.

இனிச் செய்முறை. முதலில் ரம். பெரும்பாலான நாடுகளில் சீனி எடுத்த பிறகு மிஞ்சுகிற கழிவுப் பாகிலிருந்துதான் ரம் வடிப்பார்கள். மார்த்தினிக்கில் கரும்புச் சாற்றையே நேரே புளிக்கவைத்து வடிக்கிறார்கள். அப்படிச் செய்த ரம்முக்கு 1996இலிருந்து, பிரான்சின் வைன்களுக்கு இருப்பது போல, ஊர்ப்பெயர்ச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. மூடியைத் திறந்தால் சாராய மணம் இல்லை. தைப்பொங்கலுக்கு வாசலில் கட்டின கரும்பு இரண்டு நாள் காய்ந்து, யாரோ மிதித்துவிட்டுப் போன மணம். ஆனால் 50 பாகை. விளையாட்டுச் சாமான் இல்லை.

தேசிக்காயைப் பாதியாக வெட்டிப் பிழியக்கூடாது. பக்கத்தில் ஒரு ரூபாய்க் குத்தியளவு சீவி எடுக்க வேணும், தோலோடு கொஞ்சம் சதையும் வருகிற மாதிரி. கிளாசுக்குள் ஒரு தேக்கரண்டி சீனி அல்லது சீனிப்பாணி. அதன்மேல் தேசிக்காய்த் துண்டை விரலால் மடித்து நசித்துப் போட்டால் தோல் எண்ணெய் சீனியில் இறங்கும். உண்மையில் வாசம் முழுக்க அந்த எண்ணெயில்தான் இருக்கிறது, புளிப்பு சும்மா துணைக்கு. பிறகு ரம். பிறகு கலக்குதல்.

கலக்கிறதுக்கென்று ஒரு தடி இருக்கிறது. 'புவா லெலே' என்று பெயர். ஒரு மரத்தின் கொப்பு, நுனியில் நாலைந்து சின்னக் கிளைகள் நட்சத்திரம் மாதிரிப் பிரிந்து நிற்கும். அதைக் கிளாசுக்குள் விட்டு, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்ட வேணும். அக்கா அதைக் கையில் எடுத்து உருட்டிக் காட்டின உடனே அம்மா, "உது மத்தெல்லோ!" என்றா. மத்தேதான். எங்கட மோர் மத்துக்குத் தங்கச்சி.

இவ்வளவும் யூடியூபிலேயே கிடைக்கும். நான் இதை எழுத உட்கார்ந்ததுக்குக் காரணம் பரிமாறுகிற முறை. தி பொன்ஷை விருந்து வைப்பவர் கலந்து கொடுப்பதில்லை. போத்தல், சீனி, வெட்டின தேசிக்காய், வெறும் கிளாஸ்கள் எல்லாவற்றையும் தட்டில் வைத்து மேசை நடுவில் வைத்துவிட்டு ஒதுங்கிவிடுவார். வந்தவர் ஒவ்வொருவரும் தனக்குத் தானே கலக்க வேணும். இதைப் பற்றி அங்கே ஒரு பேச்சே இருக்கிறது: அவரவர் சாவை அவரவரே தயாரிக்கட்டும்.

எங்கட வீட்டில் குடி எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, உங்கட வீட்டிலும் அதேதான். ஆம்பிளையள் கிணற்றடிப் பக்கம் பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுபோவினம். போத்தல் ஒருத்தரின் காலுக்கடியில் நிற்கும். ஒருத்தர் ஊற்றுவார், "காணுமோ?" என்று கேட்கமாட்டார். பொரித்த மீன், முட்டை, கச்சான் என்று பைட்ஸ் உள்ளேயிருந்து போகும். கொண்டுபோகிற பொம்பிளைப் பிள்ளை போத்தல் ஒன்று அங்கே இல்லாத மாதிரி நடிக்க வேணும். நான் பத்து வயதிலிருந்து நன்றாக நடித்தவள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா தட்டை ஹோல் மேசையில் வைத்தா. அடுப்பில் ஆட்டிறைச்சி கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா பேப்பரோடு இருந்தார். சித்தப்பா மேசையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆராவது ஊத்துங்கோவன்" என்றார்.

"இல்லைச் சித்தப்பா, நீங்கள்தான் கலக்கோணும். அதுதான் அங்கத்தை முறை" என்று அக்கா அந்தச் சாவுப் பேச்சையும் சொன்னா.

இருபது வருசமாகக் குடிக்கிற மனுசன் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு, "எவ்வளவு விடுறது?" என்று கேட்டார். பகிடிக்கு இல்லை, உண்மையாகத்தான் கேட்டார். அவருக்கு எப்போதும் இன்னொருத்தர்தான் ஊற்றியிருக்கிறார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததாலோ என்னவோ, இரண்டு விரல் உயரம்கூட விடவில்லை. இதனால் அவர் திருந்திவிட்டார் என்று நினைக்காதேங்கோ, பின்னேரம் வழக்கம்போலக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

நானும் எனக்கு ஒன்று கலந்தேன். ஒரு கரண்டி சீனி, கொஞ்சம் பெரிய தேசிக்காய்த் துண்டு, ஒரு விரல் ரம். அப்பா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பக்கத்தையும் திருப்பவில்லை.

அம்மாதான் குசினி வாசலில் நின்று கதைத்தா. "சாவைத் தயாரிக்கிறதோ? நல்ல முறை. என்ர தம்பிக்கு நான் எல்லோ தயாரிச்சுக் குடுத்தனான். ஒவ்வொரு நாளும் முட்டை பொரிச்சு."

மாமா முப்பத்தெட்டு வயதில் போனவர். ஈரல். யாராவது கேட்டால் காய்ச்சல் என்று சொல்லச் சொல்லி எங்களைப் பழக்கியிருந்தார்கள். அவருடைய சாவைப் பற்றி அம்மா சரியான சொல்லில் பேசி நான் கேட்டது அதுதான் முதல்தடவை. அவ அதைச் சித்தப்பாவைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னா. என் கையில் கிளாஸ் இருந்தது. நான் அதைக் கீழே வைக்கவில்லை. குடித்து முடித்தேன், இரண்டாவது கலக்கவில்லை. முடிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் அம்மா உள்ளே போனா.

சாப்பிடும்போது அக்கா கறியைக் காட்டி, மார்த்தினிக்கில் இதற்குப் பெயர் 'கொலொம்போ' என்றா. சித்தப்பா நம்பவில்லை. உண்மைதான். மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு எல்லாம் சேர்த்து அரைத்த ஒரு தூள், அதில் ஆட்டிறைச்சியோ கோழியோ சமைத்தால் அது கொலொம்போ. 'குழம்பு' என்ற சொல்தான் அப்படி ஆனது என்று ஒரு கதை, கொழும்பு நகரத்தின் பெயர் என்று இன்னொரு கதை. நான் குழம்புப் பக்கம். காரணம் அங்கே போன ஆட்கள்.

1848இல் பிரான்ஸ் தன்னுடைய குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. விடுதலையானவர்கள் பலர் கரும்புத் தோட்டத்தைத் திரும்பிப் பார்க்க விரும்பவில்லை. தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1853இல் 'ஒரேலி' என்ற கப்பல் இந்தியாவிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மார்த்தினிக் போய்ச் சேர்ந்தது, அடுத்த வருடம் குவாதலூப்புக்கு. பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகப் போனவர்களில் தமிழர் ஏராளம். 1880கள் வரைக்கும் மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேர், குவாதலூப்புக்கு ஏறத்தாழ 42,000 பேர். ஐந்து வருட ஒப்பந்தம். எங்கட மலையகத்துக்குக் கோப்பி பறிக்க ஆட்கள் வந்ததும் இதே காலத்தில்தான். என்னோடு ஹொஸ்டலில் இருக்கிற ஹட்டன் சினேகிதியின் பூட்டனும் கப்பலேறினவர்தான், ஏறின கப்பல்தான் வேறு.

மொழி அங்கே நிற்கவில்லை. பெயர்கள் நின்றன. குவாதலூப்பில் இந்திய வம்சாவளியினரின் வாக்குரிமைக்காக 1904இல் தொடங்கி 1923 வரை வழக்காடினவரின் பெயர் ஹென்றி சிதம்பரம். மாரியம்மன் 'மரியேமென்' ஆனா, மதுரைவீரன் 'மால்தெவிதான்' ஆனார். அவருக்குப் படையலில் ரம்மும் வைக்கிறார்கள். எந்தக் கரும்பை வெட்டி முதுகு ஒடிந்ததோ, அந்தக் கரும்பில் வடித்தது.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்க, அம்மா எலும்பை உறிஞ்சியபடி கேட்டா: "ஐஞ்சு வருசம் முடிய அதுகள் திரும்பி வந்ததுகளோ?"

"கொஞ்சப் பேர் வந்தவை. கனபேர் வரேல்லை."

"குடிச்சிருப்பினம்" என்றா அம்மா. கோபமாக இல்லை.

அக்கா தை மாதம் திரும்பிப் போய்விட்டா. போத்தலில் முக்கால்வாசி மிச்சம், அலுமாரி மேல்தட்டில் நிற்கிறது. அப்பா எப்போதாவது எடுத்தால் ஹோல் மேசையில் வைத்துத்தான் எடுக்கிறார், அம்மா அப்படிச் சொல்லியிருக்கிறா. புவா லெலே மட்டும் குசினியில், கரண்டிகளோடு தொங்குகிறது. மோர் கடைய அது காணாது. அம்மா தேசிக்காய்த் தண்ணி கரைக்க எடுக்கிறா.